களனியின் மண் அணையும் மலையின் கான்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் செய்தியில் சில பெயர்கள் வரிசையாக வரும். நோர்வூட், கித்துல்கல, தெரணியகல, ஹொலம்புவ, கிளென்கோஸ், ஹங்வெல்ல, கடைசியில் நாகலகம் வீதி. களனி கங்கையையும் அதன் கிளை ஆறுகளையும் நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கும் இடங்கள் இவை. இதில் கித்துல்கல, தெரணியகல, ஹொலம்புவ மூன்றும் நமது கேகாலை மாவட்டம். நாகலகம் வீதி கொழும்பில், கிராண்ட்பாஸ் பக்கம். இங்கே எத்தனை மீற்றர் ஏறியது என்று பார்த்து, அங்கே எப்போது எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்கின் மறுமுனையில் ஒரு மண் அணை நிற்கிறது. கொழும்பில் ஆற்றோரமாகப் போகும் வெள்ளத்தடுப்பு அணைக்கட்டுதான் அது. பார்த்தால் புல் முளைத்த ஒரு மேடு. சில இடங்களில் அதன்மேல் பாதையே ஓடுகிறது, ஏறிப் போகிறவர்களுக்கு அணையில் நிற்கிறோம் என்பதே தெரியாது.

ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பு துறைமுக நகரமாக வளர்ந்தபோது, ஆற்றின் பள்ளக் காணிகளிலும் பண்டகசாலைகளும் வீடுகளும் வந்தன. ஆறு வழக்கமாக விரிந்து படுக்கும் இடத்தில் மனிதன் போய்க் குடியிருந்தான், பிறகு ஆறு வருகிறது என்று முறையிட்டான். 1924இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. ஆற்றின் இரு கரையிலும் மண் அணைகள் நகரத்தின் காவலாக அமைந்தன.

மண் அணை என்றால் மண்ணைக் குவித்து வைப்பது மட்டுமல்ல. களிமண்ணைப் படை படையாகப் போட்டு இறுக்க வேண்டும். இரு பக்கமும் சரிவாக இருக்க வேண்டும். புல் வேண்டும், பெரிய மரம் கூடாது. மரம் பட்டால் வேர் உக்கி உள்ளே குழாய் மாதிரி ஓட்டை விழும், எலிவளையும் அதே வேலையைச் செய்யும். அணைக்கு நடுவே மதகுக் கதவுகள் உண்டு. ஆறு ஏறும்போது அவற்றை மூடிவிடுவார்கள். மூடினால் நகரத்துக்குள் பெய்யும் மழைக்கு வெளியேற வழியில்லை, பம்பு போட்டு இறைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அணையால் நெருக்கப்பட்ட ஆறு குறுகி உயரும். ஒரு கரைக்குக் காவலாக இருப்பது, காவல் இல்லாத கரைக்குக் கூடுதல் தண்ணீர்.

மண் அணை எப்படிச் சாகும் என்பதை நமது நாடு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாயில் பார்த்தது. அது வெள்ளத்தடுப்பு அணையல்ல, பண்டைய நீர்ப்பாசனக் குளத்தின் கட்டு. மக்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. குளக்கட்டின் மேல் கனரக வாகனங்களை ஓட்டியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பல நூற்றாண்டு நின்ற கட்டு, பராமரிக்க வேண்டியவர்களின் கவனம் தப்பினால் ஒரே இரவில் போய்விடும்.

சரி, கொழும்புக்கு அணை இருக்கிறது. தண்ணீர் புறப்படும் இடத்தில் இருக்கும் நமக்கு என்ன இருக்கிறது?

இருந்தது. கட்டியவர்கள் யார் என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தோட்டத்து ஆட்கள் அதைக் ‘கான்’ என்பார்கள். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்காக, சமமட்டத்தை ஒட்டி வெட்டும் வாய்க்கால். அந்தக் கானுக்குள்ளே சில அடிக்கு ஒரு தரம், வெட்டாமல் விட்ட சின்ன மண் தடுப்பு இருக்கும். தரைமட்டத்தைவிடக் கொஞ்சம் தாழ்வானது. மழைநீர் ஒவ்வொரு தடுப்பிலும் முட்டி நிற்கும், கொண்டுவந்த மண்ணைக் கீழே போடும், நிறைந்ததும் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். ஓட வந்த தண்ணீரை நடக்க வைக்கும் வேலை. ஒரு மலையில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் முழ உயரம்கூட இல்லாத ஒரு மண் அணை. என் கணக்கில் களனியின் முதல் வெள்ளத்தடுப்பு அணைகள் நாகலகம் வீதியில் இல்லை, எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் மம்பட்டியால் வெட்டப்பட்ட இந்தக் கான்களில்தான் இருக்கின்றன.

இவை தேவைப்பட்டதற்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் இலைநோய் தொடங்கிக் கோப்பி அழிந்தது. பிறகு தேயிலை, அதன்பின் களனிப் பள்ளத்தாக்கில் றப்பர். துரைமாருக்குக் களையில்லாத மலைதான் அழகான மலை. புல் பூண்டு ஒன்றும் விடாமல் மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வைத்தார்கள். வருடத்துக்கு 4,000, 5,000 மில்லிமீற்றர் மழை விழும் சரிவில் வெறும் மண் எத்தனை நாள் நிற்கும்? மேல்மண் ஆற்றுக்குப் போனது. ஆற்றின் அடி மேடானது. மண்ணரிப்பைப் பற்றி ஆராய அரசாங்கமே குழு அமைக்கும் நிலை வந்தது.

1947 ஆகஸ்ட்டில் களனி நாகலகம் வீதியில் 12 அடியைத் தாண்டியது. அங்கே 7 அடி வந்தாலே பெருவெள்ளம் என்பார்கள். சுதந்திரம் கிடைத்தபின் 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மண் அரிக்கும் காணிக்காரரைப் பார்த்து, கான் வெட்டு, கல்வரம்பு கட்டு, சரிவை மூடி வை என்று சொல்ல அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. கீழே உள்ள நகரத்தைக் காக்க மேலே உள்ள மலையைக் கவனிக்க வேண்டும் என்பது அப்போதே விளங்கியிருந்தது.

ஆனால் கான் வெட்டியது வெட்டியபடி இருக்காது. ஒரு பெருமழையில் நிரம்பிவிடும். அள்ளி எடுக்க ஆள் வேண்டும், வருடா வருடம். 1970களில் காணிச் சீர்திருத்தமும் தேசியமயமும் வந்தன, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனது. கொழுந்து கிலோக் கணக்கில் வருமானமாகத் தெரியும். அள்ளிய மண் எந்தக் கணக்கிலும் தெரியாது. ஆள் குறைந்தபோது முதலில் நின்றது கான் வேலை. தோட்டத்தை மட்டும் சொல்வது நியாயமில்லை. பிரித்து விற்ற காணிகளில் வீடு கட்டிய நாமும், பாதைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டி, கானை மூடி மதில் எழுப்பியிருக்கிறோம்.

மூடிய கான் வெள்ளத்தை மட்டும் கூட்டுவதில்லை. போக வழியில்லாத தண்ணீர் மலைக்குள் இறங்கி மண்ணைக் கனக்கச் செய்து, பிடியை விடுவிக்கிறது. அதனால்தான் கானில் தண்ணீரைத் தேக்குவதோடு மிச்சத்தைக் கல் பதித்த பெரிய கானுக்கு வழிவிடவும் வேண்டும். தேக்கமும் வடிகாலும் சேர்ந்ததுதான் வேலை, ஒன்று மட்டும் இருந்தால் ஆபத்து.

1989 ஜூனில் களனி நாகலகம் வீதியில் 9 அடியைத் தொட்டது. அதே மாதம் கேகாலை மாவட்டத்து மண்சரிவுகள் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு போயின. 2016 மே மாதத்திலும் இதே கதை. கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. பள்ளிவாசல்களில் சமைத்து இன மத பேதமில்லாமல் கொடுத்ததை நாடே பார்த்தது, அல்ஹம்துலில்லாஹ். அந்த நாட்களில்தான் அரநாயக்கவில் மலை இறங்கியது, புளத்கொஹுபிட்டியில் களுபஹன தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அரநாயக்கத் தண்ணீர் களனிக்கல்ல, மகா ஓயாவுக்குப் போவது. ஆனால் மழையும் மலையும் ஒன்றுதான்.

இங்கே ஒரு வேறுபாடு என்னை உறுத்துகிறது. கித்துல்கலையில் ஏறும் தண்ணீர் கொழும்பை அடையப் பல மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் மதகை மூடலாம், பொருளை மேல்மாடிக்கு ஏற்றலாம். லயனுக்குப் பின்னால் இருக்கும் மலைக்கு அந்த அவகாசம் கிடையாது. நமது அளவுகோல்கள் கீழே இருப்பவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கின்றன. கீழே உள்ள அணைக்கட்டைப் பலப்படுத்தும் திட்டங்களுக்குக் கோடிகள் பேசப்படுகின்றன. பேசட்டும், அங்கேயும் நம் சொந்தங்கள்தான் இருக்கிறார்கள். மேலே கான் அள்ளும் கூலிக்கு யார் தலைப்பு எழுதுவது?

1951ஆம் ஆண்டுச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்கு மேலே கான் மூடிக் கிடந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மழையை அளக்கப் பக்கம் நேரான ஒரு போத்தலும் அடிமட்டமும் போதும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். தோட்டத்தில் உறவு உள்ளவர்கள் இந்த மூன்று எண்களையும் இன்றே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.