முகப்புக் கடிதம் (நிறுமப் பதிவு)

முகப்புக் கடிதம் என்பது, புதிய நிறுமம் ஒன்றைப் பதிவு செய்வதற்கான ஆவணங்களை நிறுமப் பதிவாளருக்கு அனுப்பும்போது, அவற்றின் மேல் வைத்து அனுப்பப்படும் கடிதம் ஆகும். பேச்சு வழக்கில் இது கவரிங் லெட்டர் எனப்படுகிறது. அனுப்புபவர் யார், என்ன கோருகிறார், எந்தெந்த ஆவணங்களை இணைத்துள்ளார் என்பவற்றை இது ஒரே பக்கத்தில் தெரிவிக்கிறது. இந்தியாவில் மின்னணுப் பதிவு முறை வந்தபின் நிறுமப் பதிவில் இக்கடிதத்தின் பயன்பாடு பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் இது செய்துவந்த பணி இன்று மின்படிவங்களாலும் விளக்கக் கடிதங்களாலும் நிறைவேற்றப்படுகிறது.

சட்ட நிலை

நிறுமப் பதிவுக்குத் தேவையான ஆவணங்களை 1956 ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தில் 33 ஆம் பிரிவும், 2013 ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தில் 7 ஆம் பிரிவும் குறிப்பிடுகின்றன. இவ்விரண்டிலும் முகப்புக் கடிதம் இடம்பெறவில்லை. கடிதம் இல்லை என்பதால் விண்ணப்பம் செல்லாததாகிவிடாது. கடிதம் சிறப்பாக இருப்பதால் ஆவணத்திலுள்ள குறை நீங்கிவிடுவதும் இல்லை. இன்ன நாளில் இன்னின்ன ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டன என்பதற்குச் சான்றாக இருப்பதே இதன் பயன் ஆகும். கடிதத்தின் படியில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாடும், அதனை அடுத்த கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் திருவிதாங்கூர் சமத்தானத்திலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் அடங்கியிருந்தன. அக்காலத்தில் ஆட்சித் தலைநகரான திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலேயே இருந்தது. 1956 ஏப்ரல் 1 இல் புதிய நிறுமச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழு மாதங்களுக்குப் பின், அதே ஆண்டு நவம்பர் 1 இல், இந்நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன.

தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர் ஆகிய இரு நகரங்களில் நிறுமப் பதிவாளர் அலுவலகங்கள் உள்ளன. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் அடங்கும். சென்னை ஆடோசு சாலையிலுள்ள சாத்திரி பவனில் இயங்கும் இவ்வலுவலகம் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆவணங்கள் தாளில் அனுப்பப்பட்ட காலத்தில், ஒரு கையொப்பம் விடுபட்டாலும் அதனைச் சரிசெய்ய அஞ்சலிலோ நேரிலோ இத்தொலைவைக் கடக்க வேண்டியிருந்தது. ஆகவே இணைப்புப் பட்டியலைச் சரிபார்த்து எழுதுவது உள்ளூர் விண்ணப்பதாரர்களுக்கு இன்றியமையாததாக இருந்தது.

கடிதத்தின் பகுதிகள்

தமிழ்நாட்டில் வழங்கும் அலுவல் கடித முறையில் முகப்புக் கடிதம் பின்வரும் பகுதிகளைக் கொண்டிருக்கும்:

* அனுப்புநர்: நிறுமத்தைத் தொடங்குவோர் அல்லது அவர்களிடம் அதிகாரம் பெற்றவரின் பெயரும் முகவரியும்.
* பெறுநர்: உரிய நிறுமப் பதிவாளர்.
* பொருள்: முன்மொழியப்பட்ட நிறுமத்தின் முழுப்பெயரும், பதிவு கோரும் செய்தியும்.
* பார்வை: பெயர் ஒப்புதல் கடிதத்தின் எண்ணும் தேதியும்.
* உடற்பகுதி: கோரிக்கை, செலுத்திய கட்டண விவரம், திருத்தம் செய்ய அதிகாரம் பெற்றவர் யார் என்ற குறிப்பு.
* இணைப்பு: ஆவணங்களின் வரிசை எண்ணிட்ட பட்டியல்.

1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இணைப்புப் பட்டியலில் அமைப்பு முறையேடு, செயல்முறை விதிகள், சட்டத்தின் தேவைகள் நிறைவேற்றப்பட்டதற்கான உறுதிமொழி (படிவம் 1), பதிவு அலுவலக முகவரி (படிவம் 18), இயக்குநர் விவரங்கள் (படிவம் 32), அதிகார ஆவணம் ஆகியன இடம்பெற்றன. பெயர் ஒப்புதல் கடிதத்தில் உள்ள நிறுமப் பெயர் எழுத்துக்கு எழுத்து மாறாமல் எல்லா ஆவணங்களிலும் வரவேண்டும்.

மின்னணு முறை

2006 இல் எம்.சி.ஏ. 21 என்னும் மின்னாளுகைத் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் படிவங்களை இணையம் வழியே, எண்ணிமக் கையொப்பத்துடன் பதிவிடுவது கட்டாயமாயிற்று. 2016 இல் அரியானா மாநிலம் மானேசரில் மையப் பதிவு நிலையம் அமைக்கப்பட்டது. புதிய நிறுமங்களின் பெயர் ஒதுக்கீடும் பதிவும் இங்கு பரிசீலிக்கப்படுகின்றன. 2020 பெப்ரவரியில் ஸ்பைஸ் பிளஸ் என்னும் ஒருங்கிணைந்த படிவம் அறிமுகமானது. பெயர் ஒதுக்கீடு, பதிவு, இயக்குநர் அடையாள எண், நிரந்தரக் கணக்கு எண் (பான்) முதலியவற்றை இதன் மூலம் பெறலாம்.

முகப்புக் கடிதத்தின் இணைப்புப் பட்டியல் இன்று படிவத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் பரிசீலிக்கும் அலுவலர் குறை சுட்டிக்காட்டினால், அதற்கான விளக்கக் கடிதம் விருப்ப இணைப்பாகச் சேர்க்கப்படுகிறது. இதில் ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியே, எந்த ஆவணத்தில் என்ன திருத்தம் செய்யப்பட்டது என்று எழுதுவது முறையாகும்.

குறைகளும் விளைவுகளும்

தமிழர் பெயர்களில் தலைப்பெழுத்து வழங்குவதால் ஆவணங்களுக்கிடையே வேறுபாடு எழுவதுண்டு. ஒருவரின் ஆதார் அட்டையில் தலைப்பெழுத்தும், பான் அட்டையில் தந்தையின் முழுப்பெயரும் இருக்கக்கூடும். இருவரும் ஒருவரே என்பதை முன்கூட்டியே சரிசெய்யாவிடில் விண்ணப்பம் திரும்பி வரலாம். பதிவு அலுவலகத்துக்கான மின்கட்டணச் சீட்டு போன்ற சான்று இரண்டு மாதங்களுக்கு மேல் பழையதாக இருத்தல் கூடாது. இடம் வேறொருவருடையதாயின் அவருடைய ஒப்புதலும் தேவை.

குறைகளைத் திருத்தி மீண்டும் பதிவிட ஒவ்வொரு முறையும் 15 நாட்கள், மொத்தம் 30 நாட்கள் வரை வாய்ப்பு உண்டு. அதற்குள் நிறைவு செய்யாவிடில் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஒப்புதல் பெற்ற பெயர் பொதுவாக 20 நாட்களுக்கு ஒதுக்கப்படுகிறது. கட்டணம் செலுத்தி இதனை நீட்டிக்கலாம். காலம் கடந்தால் அப்பெயரை மற்றொருவர் பெற்றுவிடக்கூடும். நிறுமம் பதிவுச் சான்றிதழில் குறித்த நாளிலிருந்தே சட்டமுறை ஆள் ஆகிறது. எனவே தாமதத்தால் நிறுமத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, ஒப்பந்தம், கடன் ஆகியனவும் தாமதமாகின்றன. தெரிந்தே பொய்யான தகவல் அளித்தல் 447 ஆம் பிரிவின் கீழ் மோசடிக் குற்றம் ஆகும்.

பிற அமைப்புகள்

எல்லா அமைப்புகளும் நிறுமப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படுவதில்லை. 1932 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான கூட்டாண்மை நிறுவனங்களும், 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழான சங்கங்களும் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படுகின்றன. வாழை, தென்னை, கிராம்பு முதலியவற்றைப் பயிரிடும் உழவர்கள் குறைந்தது பத்துப் பேர் சேர்ந்து தொடங்கும் உற்பத்தியாளர் நிறுமமோ நிறுமச் சட்டத்தின் கீழ் அடங்கும். ஆகவே பெறுநர் யார் என்பதை முடிவு செய்வதே முகப்புக் கடிதம் எழுதுவதில் முதற்படி ஆகும்.