பெருங்குடல் புற்றுநோயின் முன்னறிகுறிகள் (சத்வா, துபாய்)

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய், உலகில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் மூன்றாவது; உயிரிழப்பில் இரண்டாவது. 2022-இல் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ என்னும் சிறு முளையாகத் தொடங்கும். அது புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அகற்றிவிட்டால் அந்த முளை புற்றாகாது.

துபாயின் சத்வா பகுதியில் இந்நோய் மறைந்துகொள்ள வாகான இடம் மூலநோய். மலத்தில் ரத்தம் கண்டால் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி, ஊரிலிருந்து வந்த களிம்பைத் தடவிக்கொள்வது எளிது. வளைகுடா வெயிலில் தண்ணீர் போதாமல் மலம் இறுகி மூலம் வருவதும் உண்மையே என்பதால், அந்த விளக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. மூலத்தில் வருவது பளிச்சென்ற சிவப்பு ரத்தம். மலக்குடல் புற்றிலும் அதே சிவப்பு வரலாம். மூலம் உள்ளவருக்கே புற்றும் இருக்கலாம். நிறம் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

ரத்தமோ சளியோ மலத்தோடு கலந்து வருதல், போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, மலம் மெலிந்து வெளியேறுதல், வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது கழிச்சல், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவை கவனத்துக்குரியவை. வலப்புறக் குடலில் வளரும் புற்று இன்னும் கள்ளமானது: ரத்தம் கண்ணில் படாமல் கசிந்து இரும்புச்சத்து குறையும், களைப்பும் மூச்சிரைப்பும்தான் வெளியே தெரியும். ஆண்களிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தால், மாத்திரையோடு விடாமல் குடலையும் பார்க்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் அது குடலடைப்பாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் இந்நோயால் இறந்தபோது வயது 43. அமெரிக்கா 2021-இல் இந்நோய்க்கான பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது 40. இந்த வயதுக் கணக்கு அறிகுறி இல்லாதவர்களுக்கு மட்டுமே. அறிகுறி உள்ளவர் எந்த வயதினரானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலப் பரிசோதனையில் ரத்தம் தெரியாவிட்டாலும் அறிகுறி நீடித்தால் கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) தேவைப்படலாம்.

“லீவில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஒத்திவைப்புக்குச் செலவுப் பயமும் ஒரு காரணம். துபாயின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியரின் மருத்துவக் காப்பீடு முதலாளியின் பொறுப்பு. அடிப்படைக் காப்பீட்டில் உள்ளவர்களின் பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ‘பஸ்மா’ என்னும் தனித் திட்டமும் உண்டு.