மௌனப் பிரதேசம்

என் தகப்பனார் முப்பத்தைந்து வருஷம் சிகரெட் குடித்தார். யாராவது புத்திமதி சொல்ல வந்தால் மாடிப்படியைக் காட்டுவார். "பத்தொன்பது படி. ஒரே மூச்சில் ஏறுகிறேனா இல்லையா, நீயே பார்த்துச் சொல்லு!" என்பார். ஏறியும் காட்டுவார். நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். பிறகு ஒரு நாள் ஏழாவது படியில் நின்றார். அதற்கப்புறம் அவர் மாடிக்குப் போன நாட்கள் சொற்பம்.

அத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத புகை, திடீரென்று எப்படி மார்பை அடைத்தது? இந்தக் கேள்வியோடு புத்தகங்களைப் புரட்டியபோது எனக்கு ஒரு சரித்திரமே கிடைத்தது.

1628-ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிரூபித்துப் புத்தகம் வெளியிட்டார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. அந்த வழியைக் கண்ணால் காணப் போகிற குழந்தை அதே வருஷம் இத்தாலியில் பிறந்தது. பெயர் மார்செல்லோ மால்பிகி. நுரையீரல் வெறும் சதை என்று நினைத்திருந்த காலத்தில், அது நுண்ணிய காற்றறைகளின் கூட்டம் என்று 1661-இல் நண்பர் பொரெல்லிக்குக் கடிதம் எழுதினார். இரண்டாம் கடிதத்தில், தவளையின் நுரையீரலில் தமனியையும் சிரையையும் இணைக்கும் மயிரிழைக் குழாய்களைக் கண்டதாகச் சொன்னார். அதைக் கேட்க ஹார்வி இல்லை, 1657-லேயே காலமாகிவிட்டார்.

பார்த்தாயிற்று, கணக்கெடுக்க வேண்டாமா? ஒழுங்கான கணக்குக் கிடைக்க முந்நூறு வருஷம் ஆயிற்று. ஸ்விட்சர்லாந்துக்காரரான எவால்ட் வைபெல் அதை 1963-இல் புத்தகமாக வெளியிட்டார். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. அவர் கணக்கில் இப்படி 23 தலைமுறைகள்! முதல் 16 தலைமுறை வெறும் பாதை. அதற்குப் பின்னால்தான் காற்றறைகள். அவை சுமார் 30 கோடி என்றார் வைபெல். 2004-இல் மறுபடி எண்ணியவர்கள் சராசரி 48 கோடி என்றார்கள்.

குழாய் குறுகினால் காற்றுக்குத் தடை கூடும் என்றுதானே நமக்குத் தோன்றும்? ஒற்றைக் குழாய்க்கு அது சரி. ஆனால் பதினாறாம் தலைமுறையில் இருப்பவை 65,536 குழாய்கள். மூச்சுக்குழலின் வாய் சுமார் 2.5 சதுர சென்டிமீட்டர். இவற்றின் வாய்களையெல்லாம் கூட்டினால் சுமார் 180. அகண்ட காவிரி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குள் ஓசையின்றி நுழைகிற மாதிரி, காற்று அங்கே வேகம் தணிந்துவிடுகிறது. கடைசித் தூரத்தில் அது ஓடுவதுகூட இல்லை; அறையில் ஊதுவத்தி மணம் பரவுவதுபோல் தானே பரவுகிறது.

1967-இல் மேக்லம், மீட் என்ற இருவர் நாய்களின் நுரையீரலில் 2 மில்லிமீட்டருக்கும் சிறிய குழாய்களின் தடையைத் தனியே அளந்தார்கள். மொத்தத் தடையில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்! இதன் விபரீதத்தைப் பாருங்கள். அந்தச் சிறு குழாய்களில் பாதி அடைபட்டால் அவற்றின் தடை இரட்டிக்கும். ஆனால் மொத்தக் கணக்கில் நூறு நூற்றுப்பத்தாகும், அவ்வளவே. படியேறுகிறவருக்கு அது தெரியுமா? மறு வருஷமே மேக்லமும் அவர் சகாக்களும், புகைபிடிப்போரைப் பீடிக்கும் எம்ஃபைஸீமா நோயில் அடைப்பு முக்கியமாக இந்தச் சிறு குழாய்களில்தான் என்று கண்டார்கள். 1970-இல் மீட் இந்த இடத்துக்கு நுரையீரலின் 'மௌனப் பிரதேசம்' என்று பெயர் வைத்தார்.

அப்பாவின் படிகள் பொய் சொல்லவில்லை. அடைபட்ட குழாய்களின் வேலையை மற்றவை முணுமுணுக்காமல் செய்துகொண்டிருந்தன. அவையும் ஓய்ந்த பிறகுதான் அவருக்குச் செய்தி வந்தது.

என் தம்பி இப்போது அதே படிகளில் ஏறிக் காட்டுகிறான். "பார்த்தாயா அண்ணா?" என்கிறான். இந்தக் கட்டுரையை முதலில் அவனிடம்தான் கொடுக்கப் போகிறேன்.