குணவகையும் இல்லறப் பொருத்தமும்

இல்லறத்தில் இணையும் இருவர் ஒத்த இயல்பினராய் இருத்தல் நன்றா, மாறுபட்ட இயல்பினராய் இருத்தல் நன்றா என்னும் வினா மிகப் பழையது. மக்களின் இயல்பை வகைப்படுத்தும் முயற்சியும் பழையதே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நால்வகை நீர்களின் அளவைக் கொண்டு உடல்நிலையையும் குணவேறுபாட்டையும் விளக்கினார். அக்கொள்கை ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலவியது. இருபதாம் நூற்றாண்டில் குணவகைக் கொள்கை புதுவடிவம் பெற்றுப் பொதுமக்களிடையே பரவியதற்கோ, ஒரு குடும்பத்திற்கு வரவிருந்த மருமகன் காரணமானான்.

அமெரிக்கத் தலைநகராகிய வாசிங்டனில் வாழ்ந்தவர் காதரின் பிரிக்ஸ் (1875–1968). அவருடைய கணவர் லைமன் பிரிக்ஸ் இயற்பியல் அறிஞர். அவர்தம் மகள் இசபெல் சுவார்த்மோர் கல்லூரியில் பயின்றபோது, கிளாரென்ஸ் மையர்ஸ் என்னும் சட்ட மாணவரைக் காதலித்தார். இளைஞர் நல்லவர், ஆயினும் அவர் எண்ணும் முறை அக்குடும்பத்தாரின் முறைக்கு முற்றும் வேறாக இருந்தது. பிரிக்ஸ் குடும்பத்தார் கற்பனையிலும் கருத்திலும் தோய்ந்தவர்கள். அவரோ கண்கண்ட செய்தியையும் நுணுக்கமான விவரத்தையும் நாடுபவர். இவ்வேற்றுமை காதரினைச் சிந்திக்க வைத்தது. பலருடைய வாழ்க்கை வரலாறுகளைப் படித்து, மக்களை நான்கு வகையினராகப் பிரித்துக் குறிப்பெழுதலானார். காதலர் இருவர்க்கும் 1918-ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது.

இதே காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் கார்ல் யுங் வேறொரு வழியில் இத்துறைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் 1913-ஆம் ஆண்டில் தம் மூத்த அறிஞரான பிராய்டை விட்டுப் பிரிந்தவர். உளநோயை ஆராய்ந்த பிராய்டும் ஆட்லரும் இருவேறு முடிவுகளுக்கு வந்தது எவ்வாறு என்று ஆராய்ந்த யுங், ஆராய்வோரின் இயல்பு வேறுபாடே அதற்குக் காரணம் எனக் கருதினார். அவருடைய 'உளவகைகள்' என்னும் நூல் 1921-இல் செருமானிய மொழியிலும், 1923-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மக்களை அகமுகத்தார், புறமுகத்தார் என இரண்டாகவும், சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு என்னும் ஆற்றல்களால் எட்டு வகையாகவும் அந்நூல் பிரித்தது. அதனைக் கண்ட காதரின் தம் வகைப்பாட்டைக் கைவிட்டு, யுங்கின் கொள்கையைத் தழுவி 1926, 1928-ஆம் ஆண்டுகளில் இதழ்க் கட்டுரைகள் வரைந்தார்.

மண வாழ்வைப் பற்றி யுங் கூறியது கருதத்தக்கது. அகமுகத்தாரும் புறமுகத்தாரும் ஒருவர்க்கொருவர் துணையாகவே படைக்கப்பட்டவர் போலத் தோன்றுவர். ஒருவர் எண்ண, மற்றவர் செயலாற்றுவார். பொருளீட்டும் கவலை உள்ளவரை இப்பொருத்தம் இனிது நிற்கும். அக்கவலை நீங்கி, இருவரும் ஒருவரையொருவர் நோக்கும் ஓய்வு வாய்த்தபின்னரே, தாம் இதுவரை ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவில்லை என்பதை உணர்வர் என்றார் அவர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெண்கள் பெருந்தொகையினராய்த் தொழிலில் புகுந்தனர். அவரவர் இயல்புக்கேற்ற பணியைக் கண்டறிய உதவும் நோக்கத்துடன், 1942-ஆம் ஆண்டு தொடங்கி இசபெல் ஒரு வினாத்தாளை உருவாக்கினார். அவர் உளநூலில் பட்டம் பெற்றவர் அல்லர். நான்கு இரட்டைகளாகக் குணங்களை வகுத்துப் பதினாறு வகைகளைக் கண்டார். 1962-இல் கல்வித் தேர்வு நிறுவனம் ஒன்று அதனை வெளியிட்டது. 1975-இல் வேறொரு பதிப்பகத்தார் ஏற்ற பின்னர் அது எங்கும் பரவியது. இசபெல் மறைந்த 1980-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த அவரது நூலில் திருமணம் பற்றிய இயல் ஒன்று உண்டு. தாம் ஆராய்ந்த தம்பதியரிடையே வேற்றுமையைவிட ஒற்றுமையே மிகுதி என அதில் அவர் எழுதினார். ஆனால் அவர்தம் கணக்கின்படியே, அவரும் கணவரும் நான்கனுள் ஒன்றில் மட்டுமே ஒத்தவர்கள்! வேற்றுமையைக் குற்றமாகக் கொள்ளாமல் மதித்தல் வேண்டும் என்பதே அவர் வழங்கிய அறிவுரை.

இனி, இக்கொள்கை ஆராய்ச்சியில் எவ்வளவு நின்றது என்பதைக் காணவேண்டும். ஐந்து வார இடைவெளியில் மீண்டும் வினாத்தாளை எழுதுவோரில் பாதிப்பேர் வரை வேறு வகையில் சேர்ந்துவிடுகின்றனர் என 1993-இல் வெளிவந்த திறனாய்வு காட்டியது. இதற்குக் காரணம் எளிது. மக்களுள் பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் நடுவே நிற்பவர்கள். நடுவில் ஒரு கோடு கிழித்தால், கோட்டருகே நிற்பவர் சிறு மாற்றத்தாலும் மறுபுறம் சென்றுவிடுவார்.

பொருத்தத்தைப் பற்றிய சான்றும் உண்டு. 1930-களில் மணஉறுதி செய்துகொண்ட 300 அமெரிக்க இணையரை லோவல் கெல்லி என்னும் அறிஞர் ஆராயத் தொடங்கினார். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்த அவ்வாராய்ச்சியின் முடிவுகளை 1987-இல் அவரும் கான்லியும் வெளியிட்டனர். கணவன் அல்லது மனைவியின் எளிதில் கலங்கும் மனநிலையும், கணவனிடம் தன்னடக்கம் இன்மையும் மணவாழ்வின் குலைவோடு மிகவும் தொடர்புற்றிருந்தன. இவை இருவர் சேர்க்கையில் பிறக்கும் பொருத்தக் குறைகள் அல்ல. ஒவ்வொருவரும் தம்மோடு கொண்டுவரும் இயல்புகள். 1938-இல் 792 தம்பதியரை ஆராய்ந்து நூல் வெளியிட்ட லூயிஸ் டெர்மனும், மகிழ்ச்சியற்ற மனப்பாங்கு இல்லறத்தையும் கெடுக்கிறது என்றே முடிவு கண்டிருந்தார்.

எனவே, வகைப்பெயரைக் கேட்டே துணையை ஏற்பதும் விலக்குவதும் நல்லவர் பலரை இழக்கச் செய்யும். காதரின் அவ்வாறு செய்திருந்தால் கிளாரென்ஸ் அவ்வீட்டு மருமகன் ஆகியிருக்க முடியாது. 'இவர் நமக்கு ஏற்றவரா?' என்று எடைபோடுவதைவிட, 'இவரை எவ்வாறு புரிந்துகொள்வது?' என்று அறிவதற்கே அவர் நூல்களைப் புரட்டினார். பின்வந்தோர் பலர் அவருடைய விடையை எடுத்துக்கொண்டு, வினாவை விட்டுவிட்டனர்.