ஒரு பாடசாலையை எதைக்கொண்டு அளப்பது?

பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டால் எம்மவர் வீடுகளில் ஒரு பதற்றம் தொடங்கிவிடுகிறது. பிறந்தநாள் விழாவிலும் கோயில் திருவிழாவிலும் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் ஒரே பேச்சுத்தான். எந்தப் பாடசாலை நல்லது? மறுமொழியும் அநேகமாக ஒன்றுதான்: "அங்கை விடாதையுங்கோ, அங்கை முழுக்க வெளிநாட்டுப் பிள்ளையள்." சொல்பவரின் பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளைதான் என்பது பேச்சில் வருவதில்லை.

ஒரு பாடசாலையைப் பெறுபேற்றைக் கொண்டும் பிள்ளைகளின் பூர்வீகத்தைக் கொண்டும் எடைபோடும் இந்த வழக்கம் எமது கண்டுபிடிப்பு அல்ல. ஜேர்மனியில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை ஒரே பாடசாலையை வைத்துச் சொல்லிவிடலாம். பேர்லினின் நொய்கேல்ன் பகுதியில் உள்ள ரூற்லிப் பாடசாலைதான் அது.

2006 பெப்ரவரி இறுதியில் அப்பாடசாலையின் ஆசிரியர்கள் சார்பில் பதில் தலைமையாசிரியை கல்வி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மார்ச் 30ஆம் திகதி அது பத்திரிகையில் வந்தது. வகுப்புகளில் பாடம் நடத்த முடியவில்லை, சில வகுப்புகளுக்கு ஆசிரியர்கள் உதவி கோருவதற்காகக் கைத்தொலைபேசியுடனேயே போகிறார்கள், இந்த வகைப் பாடசாலையையே கலைத்துவிடுங்கள் என்பது அதன் சாரம். மாணவர்களின் பூர்வீகமும் அதில் இருந்தது. ஜேர்மன் அல்லாத பூர்வீகம் கொண்டோர் 83.2 வீதம், அதில் அராபியர் 34.9, துருக்கியர் 26.1. அடுத்த நாட்களில் வாசலில் பொலிசார் நின்றார்கள், தொலைக்காட்சிக் கமராக்கள் நின்றன. நாடு முழுவதும் மனதில் வைத்துக்கொண்டது அந்த 83.2ஐத்தான். அதே கடிதத்தில், வேற்றுக் கலாசாரப் பின்னணி கொண்ட ஒரு பணியாளர்கூடத் தம்மிடம் இல்லை என்று ஆசிரியர்களே எழுதியிருந்ததைப் பேசியவர்கள் குறைவு.

அந்தப் பிள்ளைகள் எப்படி ஒரே கட்டிடத்துக்குள் வந்து சேர்ந்தார்கள்? கேள்வி இங்கேதான் தொடங்கவேண்டும்.

1920ஆம் ஆண்டுச் சட்டம் ஜேர்மனியில் எல்லாப் பிள்ளைகளும் முதல் நான்கு ஆண்டுகள் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்றது. பணக்காரருக்கென இருந்த தனி ஆரம்ப வகுப்புகளை ஒழிப்பது அதன் நோக்கம். ஆனால் நான்கு ஆண்டுகளின் பின் பிரிப்பது என்ற வழக்கம் அப்படியே நின்றது. 1964இல் மாநிலங்கள் செய்துகொண்ட ஹம்பேர்க் உடன்படிக்கை, தொழிலாளர் பிள்ளைகள் போகும் பாடசாலைக்கு 'ஹவுப்ற்சூல' என்று பெயரிட்டது. 'தலைமைப் பாடசாலை' என்று பொருள். பெயருக்கு ஏற்றாற்போல அக்காலத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள்; படித்து முடித்துத் தொழில் பழகினார்கள். பின்னர் கிம்னாசியமும் றியால்சூலவும் விரிய, வசதி உள்ளவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வெற்றிடத்தில் வந்து அமர்ந்தவர்கள் 1961 ஒப்பந்தத்தின் கீழ் துருக்கியிலிருந்து கூலிக்கு அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும், லெபனான் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும்.

இந்த லெபனான்காரரை எமக்குத் தெரியாதா? 1980களின் முற்பகுதியில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நிலக்கீழ் இரயிலில் மேற்குக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களில் பலஸ்தீனரும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள். 1985இல் அந்தக் கதவு தமிழருக்கு மூடப்பட்டது. அவர்களுக்கும் எங்களுக்கும் கிடைத்தது ஒரே 'டுல்டுங்' கடதாசி. வேலைக்கு அனுமதி இல்லை, தொழிற்பயிற்சிக்குத் தடை, நாளை இருப்போமா என்பது தெரியாது. தகப்பன் பத்து வருடம் அப்படி வீட்டில் குந்தியிருந்தால் மகனுக்குப் படிப்பின் பயனை எந்த வாயால் சொல்வது? இன்றும் உணவகக் குசினிகளில் எங்களுக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான்.

நொய்கேல்னுக்கு இன்னொரு பழைய முகமும் உண்டு. 1920களில் அது ஜேர்மனியின் கல்விச் சீர்திருத்தத்தின் களமாக இருந்தது. இதே ரூற்லிப் பாடசாலை அப்போது சமயபாடம் இல்லாத, பெற்றோரும் பங்கெடுத்து நடத்திய ஒரு பரீட்சார்த்தப் பாடசாலை. அதே பகுதியில் 1921இல் பிறிட்ஸ் கார்சென் என்பவர் ஒரு உயர்பாடசாலையைப் பொறுப்பேற்றார். 1930இல் அதற்குக் கார்ல் மார்க்ஸ் பாடசாலை என்று பெயர் வந்தது. எட்டாம் வகுப்போடு தொழிற்சாலைக்குப் போன இளைஞரை அழைத்து அபிட்டூருக்குத் தயார்செய்யும் வகுப்புகளை அவர் 1923இல் தொடங்கினார். மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்ட வர்க்கத்தின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் கார்செனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் சுவிஸ், பிரான்ஸ், கொலம்பியா, அமெரிக்கா என்று அலைந்து, 1951இல் எக்குவடோரில் இறந்தார். அவரும் ஒரு அகதிதான்.

ஆகவே, இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்ற கதையை இந்தப் பகுதியின் வரலாறே பொய்யாக்கியிருந்தது. அதை 2006இல் நினைவுபடுத்த ஆள் இருக்கவில்லை.

ஆனால் எண்களில் ஒரு எச்சரிக்கை முன்னமே வந்திருந்தது. 2001 டிசம்பரில் முதலாவது பிசா ஆய்வு வெளியானபோது வாசிப்பில் ஜேர்மன் பிள்ளைகள் பெற்றது 484 புள்ளி. வளர்ந்த நாடுகளின் சராசரி 500. அதைவிடப் பெரிய வெட்கம் வேறொன்று. மேல்தட்டுப் பிள்ளைக்கும் கீழ்த்தட்டுப் பிள்ளைக்கும் இடையிலான வாசிப்புத்திறன் இடைவெளி, ஆய்வு செய்த நாடுகளுள் ஜேர்மனியில்தான் மிக அதிகம். ரூற்லிக் கடிதம் எழுதப்பட்ட அதே 2006 பெப்ரவரியில் ஐ.நா.வின் கல்வி உரிமைக்கான விசேட பிரதிநிதி வேர்னொர் முனோஸ் இந்நாட்டுக்கு வந்து, பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிப்பதைக் கண்டித்தார். பேர்லினில் ஆரம்பப் பாடசாலை ஆறு ஆண்டுகள். அங்கே பன்னிரண்டு வயதில் பிரித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரித்து, வடித்து, எஞ்சியவர்களை ஒரு கட்டிடத்தில் அடைத்துவிட்டு, அக்கட்டிடத்தின் பெறுபேறு மோசம் என்பது என்ன கணக்கு? அரிசியைப் புடைத்துக் குறுணியை ஒரு பானையிலும் முழு அரிசியை இன்னொரு பானையிலும் போட்டவன், குறுணிப் பானையைக் காட்டிச் சமையற்காரனைப் பழிப்பது போன்றது இது.

பின்னர் நடந்தது கவனிக்கத்தக்கது. பாடசாலையை மூடவில்லை. பக்கத்தில் இருந்த ஹைன்றிஷ் ஹைன றியால்சூலவையும் ஒரு ஆரம்பப் பாடசாலையையும் இதனோடு சேர்த்தார்கள். 2008இல் அது பிரிக்காமல் படிப்பிக்கும் சமூகப் பாடசாலையாகத் தொடங்கியது. பாலர் நிலையம், இளைஞர் நிலையம் எல்லாம் ஒரே வளவுக்குள் வந்தன. முன்னாள் ஜனாதிபதி ஜொகன்னஸ் றவ்வின் துணைவியார் கிறிஸ்ரினா றவ் போசகராக இருந்தார். 2010இல் பேர்லின் மாநிலம் ஹவுப்ற்சூல என்ற வகையையே ஒழித்தது. 2014இல் ரூற்லியில் முதற்தடவையாகப் பிள்ளைகள் அபிட்டூர் சித்தியடைந்தார்கள். அதே தெரு. வீட்டில் ஜேர்மன் பேசாத பிள்ளைகள்தான் அப்போதும் பெரும்பான்மை.

இதை மந்திரம் என்று சொல்லவேண்டியதில்லை. பணம் கொட்டப்பட்டது, அதே ஆண்டுகளில் அப்பகுதியில் வாடகை ஏறி, வசதி படைத்தவர்கள் குடிவந்தார்கள். எல்லா ஏழைப் பாடசாலைக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆனாலும் பூர்வீக வீதத்தை மட்டும் பார்த்து ஒரு பாடசாலையின் விதியைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. எம்மவர் பலர் வாழும் ரூர் பகுதியிலும் இதற்குச் சாட்சி உண்டு. 2006இல், ரூற்லி நாறிப்போன அதே ஆண்டில், ஜேர்மன் பாடசாலை விருது முதற்தடவையாக வழங்கப்பட்டபோது முதற்பரிசு பெற்றது டோர்ட்முண்ட் வடநகரின் கிளைன கீல்ஸ்ற்றாச ஆரம்பப் பாடசாலை. அங்கும் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பூர்வீகப் பிள்ளைகளே.

ஊர் நினைவு இங்கே குறுக்கிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பாடசாலையின் பெருமை, எத்தனை பேர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் எடுபட்டார்கள் என்பதில் இருந்தது. எடுபடாத நூற்றுக்கணக்கானோர் என்ன ஆனார்கள் என்று பரிசளிப்பு விழாவில் எவரும் வாசிப்பதில்லை. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, எங்கள் பிள்ளைகளின் புள்ளியை இனத்தையும் மாவட்டத்தையும் பார்த்து அளந்த அநீதி எங்களுக்குச் சுட்டது. ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னர், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வகுப்பில் சம ஆசனம் என்ற ஏற்பாடு வந்தபோது அதை எதிர்த்துப் பாடசாலைகளை எரித்ததும் அதே யாழ்ப்பாணம்தான். யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதைக் கொண்டு பாடசாலையை அளக்கும் பழக்கத்தை நாங்கள் விமானத்திலேயே கொண்டுவந்து இறக்கியிருக்கிறோம். சாதியின் இடத்தில் இங்கே துருக்கியரும் அராபியரும்.

பேர்லின் கல்விப் புள்ளிவிபரத்தில் 'ஜேர்மன் அல்லாத குடும்பமொழி' என்றொரு நிரல் உண்டு. பிள்ளையின் கையில் ஜேர்மன் கடவுச்சீட்டு இருந்தாலும் வீட்டில் தமிழ் பேசினால் அந்த நிரலில்தான் விழும். கணக்கில் அருமையாகப் படிக்கும் எங்கள் பிள்ளையைக் கண்டும் ஒரு ஜேர்மன் தாய் 'இந்தப் பாடசாலையில் வெளிநாட்டவர் கூட' என்று வேறு இடம் தேடுகிறாள்.

படிப்பைப் பாதியில் விட்டு வந்து அடுப்படியில் நிற்கும் எங்களில் பலருக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் மீதமுள்ள முதல். எனவே கேட்கத்தான் வேண்டும். ஆனால் வாசலில் நின்று தலைமயிரின் நிறத்தை எண்ணுவதால் எதுவும் தெரியவராது. பாடசாலை திறந்திருக்கும் நாளில் போய் ஆசிரியரிடம் கேட்போம். ஐந்தாம் வகுப்பில் பலவீனமாக வந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் எங்கே நிற்கிறது? எத்தனை பேர் இடையில் வேறு பாடசாலைக்குத் தள்ளப்பட்டார்கள்? மொழி போதாத பிள்ளைக்கு மேலதிக நேரம் உண்டா? முடித்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி இடம் கிடைத்ததா? எங்கள் பிள்ளைக்குக் கிம்னாசிய இடம் கிடைத்த பிறகும், பக்கத்து வீட்டு அராபியப் பிள்ளைக்காக இதே கேள்விகளைக் கேட்பதற்கு நேரம் ஒதுக்குவோம்.