தாமதித்து வந்த தூதன்

காணிக்கை வேளையில் சிறு குப்பியில் பீடத்திற்கு வரும் திராட்சை இரசத்தை நாம் அனைவரும் அறிவோம். அது எந்த மண்ணில், யாருடைய பொறுமையில் விளைந்தது என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அத்தகைய பொறுமையின் வரலாறு ஒன்றைக் காண, செர்மனி நாட்டின் ரைன் ஆற்றங்கரைக்குச் செல்வோம்.

வடக்கே 50ஆம் அட்சரேகையை ஒட்டிய அப்பகுதி, திராட்சைக்கு நெடுங்காலம் எல்லை நிலமாக இருந்தது. அங்கே புகழ்பெற்றது ரீஸ்லிங் எனும் வெள்ளைத் திராட்சை. 1435 மார்ச் 13ஆம் நாளிட்ட, ரூசல்ஸ்ஹைம் கோட்டையின் கணக்கேடு ஒன்றில் இக்கொடிகளை வாங்கிய செலவு குறிக்கப்பட்டுள்ளது. அதுவே இப்பெயரின் மிகப் பழைய சான்று. கடும்பனியைத் தாங்கும் இக்கொடி, மற்றவை பழுத்து ஓய்ந்த பின்னரே கனியும். அதனை நடுபவர் காத்திருக்கக் கற்றவராய் இருத்தல் வேண்டும்.

காத்திருப்பைத் துறவியர் அறிந்திருந்தனர். 1136இல் எபர்பாக்கில் குடியேறிய சிஸ்டர்சியன் சபையினர் ரைன் சரிவுகளைத் தோட்டங்களாக்கினர். அருகே, திருமுழுக்கு யோவானின் பெயர் தாங்கிய யோகானிஸ்பெர்க் குன்றில் ஆசீர்வாதப்பர் சபையினர் வாழ்ந்தனர். சிதைந்துபோன அம்மடத்தை 1716இல் ஃபுல்டாவின் துறவுமட அதிபர் விலைக்கு வாங்கினார். 1720இல் அங்கே ரீஸ்லிங் பெருமளவில் நடப்பட்டது.

ஃபுல்டாவின் அனுமதி வந்த பின்னரே அங்கு அறுவடை தொடங்கும். 1775ஆம் ஆண்டு அனுமதி பெறச் சென்ற தூதன், காரணம் தெரியாமல், பல நாள் தாமதித்து வந்தான் என்பர். கனிகள் பூஞ்சணம் படர்ந்து சுருங்கிவிட்டன. எல்லாம் வீண் என்று கருதியவர்கள், வேறு வழியின்றி அவற்றையே பிழிந்தனர். அடுத்த வசந்தத்தில் சுவைத்தபோது வியந்து நின்றனர். பூஞ்சணம் தோலைத் துளைக்க, நீர் வற்றி, இனிமை திரண்டிருந்தது! அதன்பின் வேண்டுமென்றே காலந்தாழ்த்தி அறுக்கும் வழக்கம் அங்கே நிலைபெற்றது. ‘பிந்திய அறுவடை’ எனப் பொருள்படும் ‘ஷ்பேட்லேசே’ இன்றும் செர்மன் சட்டத்தில் ஒரு தரப்பெயர். தாமதித்த தூதனுக்கோ அம்முற்றத்தில் சிலையே உண்டு.

இவ்விரசத்தைச் சுவைப்பது குடிப்பதன்று. குளிர்ந்த கிண்ணத்தில் சிறிதளவே ஊற்றி, முதலில் நுகர்வர். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், பீச் பழம் ஆகியவற்றின் மணம் எழும். ஆண்டுகள் கடந்ததாயின் தேனும், வியப்புக்குரியதாய் மண்ணெண்ணெயும் மணக்கும். பிறகு ஒரு மிடறு. இனிப்பு நாவில் படிவதற்குள் புளிப்பு வந்து அதனைத் துலக்கிவிடும். செங்காய்ப் பருவத்து மாங்காய் தின்றவர்க்கு இது விளங்கும். குளிர்ந்த இரவுகளே அப்புளிப்பைக் காக்கின்றன. அருகிலுள்ள மோசெல் பள்ளத்தாக்கிலோ, பகல் வெப்பத்தைச் சேமிக்கும் பலகைக் கற்கள் அதனை இரவில் கொடிக்குத் தருகின்றன. குளிரும் வெப்பமும் கூடி ஆக்கிய சமநிலை அது. அதனால்தான் நல்ல ரீஸ்லிங் பல பத்தாண்டுகள் கெடாது நிலைக்கிறது.

இக்காத்திருப்பின் உச்சம் ‘பனி இரசம்’. வெப்பம் சுழியத்திற்குக் கீழே 7 பாகைக்கு இறங்கும் இரவு வரை கனிகளைக் கொடியிலேயே விட்டு, உறைந்த நிலையில் பறித்துப் பிழிவர். நீர் பனிக்கட்டியாய் நின்றுவிட, இனிய சாறு மட்டும் வடியும். ஆனால் 2019ஆம் ஆண்டு விளைச்சலுக்கு அந்த இரவு வரவேயில்லை. குளிர்காலம் முழுவதும் காத்திருந்தும், செர்மனியின் எந்தத் திராட்சைப் பகுதியிலும் பனி இரசம் எடுக்க இயலவில்லை. அப்படி நேர்ந்தது அதுவே முதன்முறை.

அன்று தாமதித்தவன் தூதன். இன்று தாமதிப்பது குளிர். காத்திருப்பது மட்டுமே தம் கையில் உள்ளது, குளிரை இறைவன் தருவார் என்று அத்துறவியர் நம்பியிருந்தனர். அக்குளிரைக் குலைக்கவும் மனிதக் கைகளால் முடியும் என்பதை நாம் இப்போது அறிகிறோம்.