ஆங்கில வகுப்பறையில் பிறந்த கன்னடக் கவிதை

கர்நாடகத்துப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டுவரும் இறைவேண்டல் பாடல்களுள் ஒன்று, ஜான் ஹென்றி நியூமன் என்ற ஆங்கிலேயச் சமயவாணர் 1833இல் கடற்பயணத்தின்போது எழுதியது. இருளில் வழிகாட்டும் ஒளியை நோக்கி அது இறைஞ்சுகிறது. கன்னட வடிவத்தைக் கேட்பவர்க்கு அது வேற்று நாட்டிலிருந்து வந்தது என்று தோன்றாது. அவ்வடிவத்தைத் தந்தவர் மைசூர் மகாராஜா கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் பி.எம். ஸ்ரீகண்டையா. கன்னட உலகம் அவரை 'பி.எம்.ஸ்ரீ' என்றே அழைக்கிறது.

கன்னட நவோதய இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய 'இங்கிலீஷ் கீதெகளு' (1926) என்ற தொகுப்பை ஒரு திருப்புமுனையாகக் குறிப்பிடுவது வழக்கம். அந்தத் திருப்பத்தை நூல் மட்டும் தனித்து நின்று நிகழ்த்தியதா என்பதே என் கேள்வி. மொழியியல் படித்தவன் என்ற முறையில், மொழிமாற்றம் எங்கே, யார் முன்னிலையில் நிகழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் காலச் சூழல். பி.எம்.ஸ்ரீ பிறந்தது 1884இல். 1911இல் தார்வாடில் அவர் ஆற்றிய பொழிவு, கன்னடம் தலையெடுக்க வழி யாது என்பதைப் பொருளாகக் கொண்டிருந்தது. ஓர் ஆங்கில ஆசிரியர் இப்படியொரு தலைப்பில் பேச நேர்ந்ததே அன்றைய நிலைமைக்குச் சான்று. கல்வியும் அலுவலும் ஆங்கிலத்தில். புலமை வடமொழியிலும் பழங்கன்னடத்திலும். வீட்டுப் பேச்சு வேறொன்றாக. மைசூர் சமஸ்தானத்தில் 1916இல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரையாவும் முன்னின்று உருவாக்கிய அப்பல்கலைக்கழகத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலமே. கன்னடத்தில் முதுகலை வகுப்பு தொடங்க 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில்தான் 'இங்கிலீஷ் கீதெகளு' உருவானது. ஷெல்லி, வேர்ட்ஸ்வொர்த், பர்ன்ஸ், தாமஸ் ஹூட் முதலியோரின் பாடல்கள் உட்பட ஏறத்தாழ 60 மொழியாக்கங்கள் அதில் உள்ளன. மூலங்களுள் பல, பால்கிரேவ் தொகுத்த 'கோல்டன் டிரெஷரி' என்ற புகழ்பெற்ற திரட்டில் காணப்படுபவை. அந்நாளைய இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் பாடமாக இருந்த திரட்டு அது. மாணவர்கள் தேர்வுக்காகப் புரட்டிய பக்கங்கள், ஆசிரியரின் கையால் அவர்களுடைய தாய்மொழியில் திரும்பி வந்தன.

இம்முயற்சியில் பி.எம்.ஸ்ரீ முதல்வர் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஹட்டியங்கடி நாராயண ராவின் 'ஆங்கில கவிதாவளி' 1919இலேயே வந்துவிட்டது. யாப்பில் அவர் செய்தவற்றுள் முக்கியமான ஒன்றுக்கும் முன்னோடி உண்டு. கன்னடச் செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும் என்பது நெடுங்கால மரபு. நம் எதுகையின் உடன்பிறப்பு அது. அந்தக் கட்டாயத்தை உதறி எழுதத் துணிந்தவர் மஞ்சேஸ்வரம் கோவிந்த பை. அவர் துணிந்தது பி.எம்.ஸ்ரீயின் தொகுப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. ஆக, ஆங்கிலக் கவிதையைக் கன்னடமாக்கியதும் புதிதன்று, எதுகையைக் கைவிட்டதும் புதிதன்று. எனினும் ஓர் இயக்கம் இவருடைய பெயரோடு ஏன் பிணைந்தது?

என் விடை எளியது. முன்னோடிகளிடம் நூல் இருந்தது. இவரிடம் நூலோடு வகுப்பறையும் இருந்தது. 1909 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மகாராஜா கல்லூரியிலும், பின்னர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் அவர் பாடம் நடத்தினார். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்தனர். மூலத்தைப் பாடமாகக் கேட்ட அதே செவிகளுக்கு அதன் கன்னட வடிவமும் எட்டியது. ஒரு கவிதை மொழி கடக்கும்போது அதன் சீர்கள் எங்கே நெகிழ்கின்றன, எந்தச் சொல் பிடிவாதமாக மறுக்கிறது என்பதை இரண்டையும் அறிந்தவரே உணர முடியும். அத்தகைய வாசகர்கள் ஒரு மொழியில் தாமாகத் திரள்வதில்லை. யாரோ ஒருவர் திரட்ட வேண்டியிருக்கிறது.

மாணவர்களுக்குக் கிடைத்த பொருள் எது என்பதையும் பார்க்கலாம். மூன்று, நான்கு, ஐந்து மாத்திரைச் சீர்களைப் பலவாறு இணைத்து, அடிகளை நீட்டியும் குறுக்கியும், உணர்ச்சிக்கேற்பப் பத்தி அமைக்கும் முறையை அத்தொகுப்பு கண்முன் காட்டியது. சொற்களும் பழங்கன்னடத்தின் இறுக்கம் தளர்ந்து, பேச்சுக்கு அருகே வந்தன. ஷெல்லியின் கருத்தைக் கடன் வாங்கியவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சீர் அமைப்புகளைக் கொண்டு தம் சொந்த ஊரையும் மழையையும் பாடியவர்கள் பலர். மொழிபெயர்ப்பு அவர்களுக்கு ஒரு தறியாக அமைந்தது. நூலும் வண்ணமும் அவர்களுடையவை.

அத்தறியில் நெய்தவர்களுள் தலையாயவர் குவெம்பு. மலைநாட்டு வேளாண் குடும்பத்தில் 1904இல் பிறந்து, படிப்புக்காக மைசூர் வந்த அவர் முதலில் எழுதியது ஆங்கிலக் கவிதை. 'பிகினர்ஸ் மியூஸ்' என்ற சிறு தொகுப்பும் 1922இல் வந்தது. ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அவற்றைப் பார்த்து, தாய்மொழியில் எழுதும்படி அறிவுறுத்தியது பலரும் அறிந்த செய்தி. அந்த அறிவுரை பலித்ததற்குக் காரணம் அப்போது மைசூரில் கன்னடத்தில் எழுதிப் பார்ப்பதற்கு ஒரு சூழல் உருவாகியிருந்ததே என்று நான் கருதுகிறேன். பிரவுனிங்கின் குழலூதி கதையை எடுத்து, அதைப் பொம்மனஹள்ளி என்ற கன்னடச் சிற்றூரில் நிகழ்வதாகக் குவெம்பு பாடினார். மொழிபெயர்ப்பு என்ற எல்லையையே அது தாண்டிவிட்டது. இன்று அது கன்னடக் குழந்தைகளின் கதை.

1927இல் தொடங்கிய கன்னட முதுகலையின் முதல் அணி மாணவர்களுள் குவெம்புவும் டி.எல். நரசிம்மாச்சாரும் இருந்தனர். ஒருவர் கவிஞரானார், மற்றவர் பதிப்பிலும் இலக்கண ஆய்விலும் பெரும்புலமை பெற்றார். அவ்வகுப்பின் ஆசிரியர்களுள் டி.எஸ். வெங்கண்ணையா ஒருவர். 'ஸ்ரீ ராமாயண தர்சனம்' என்ற தம் பெருங்காப்பியத்தைக் குவெம்பு அவருக்கே காணிக்கையாக்கினார். அதை வெறும் நன்றிக்கடனாக மட்டும் கொள்ள என்னால் இயலவில்லை. பிராமணரல்லாதார் அலுவலிலும் கல்வியிலும் பின்தங்கியிருந்தமையை ஆராய மைசூர் அரசு 1918இல் மில்லர் குழுவை அமைக்க நேர்ந்த காலம் அது. சூத்திரர் எனப்பட்ட குடியில் பிறந்த மாணவர் இராமகதையைத் தம் போக்கில் மறுபடைப்புச் செய்து, பிராமண ஆசிரியரின் திருமுன் வைக்கிறார். இலக்கியப் பகிர்வு என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருளை நான் அறியேன்.

பகிர்வு ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை. 10ஆம் நூற்றாண்டு ரன்னனின் 'கதாயுத்த'த்தை எடுத்து, கிரேக்கத் துன்பியல் நோக்கில் 'கதாயுத்த நாடகம்' (1926) எழுதினார் பி.எம்.ஸ்ரீ. சோபக்ளிசின் 'ஏஜாக்ஸ்' நாடகத்தின் நிழலில் மகாபாரத அசுவத்தாமனை நிறுத்தி 'அசுவத்தாமன்' (1929) படைத்தார். ஈஸ்கிலசின் 'பாரசீகர்' கன்னடத்தில் 'பாரசீகரு' (1935) ஆயிற்று. துரியோதனனும் அசுவத்தாமனும் வில்லன்களாக மட்டும் நின்றுவிடாமல் துயரின் நாயகர்களாக எழுந்தார்கள். பழைய நூலைப் புதிய கண்ணால் படிக்கப் பிறமொழி இலக்கியம் எவ்வாறு உதவும் என்பதற்கு மாணவர்கள் கண்ட செயல்முறை விளக்கம் இது.

நிறுவனங்கள் இதற்குப் பின்னாலேயே வந்தன. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கன்னடம் கற்பித்த ஏ.ஆர். கிருஷ்ணசாஸ்திரி 1910களின் இறுதியில் 'பிரபுத்த கர்நாடக' இதழைத் தொடங்கினார். அது பின்னர் மைசூர் பல்கலைக்கழகத்தின் இதழாயிற்று. கல்லூரிதோறும் கர்நாடக சங்கங்கள் எழுந்தன. ஆசிரியர்கள் ஊர்களுக்குச் சென்று கன்னடத்தில் பேசிய பொழிவுகளைப் பல்கலைக்கழகம் மலிவான சிறு நூல்களாக வெளியிட்டது. 1956இல் அதே குவெம்பு அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 'மானசகங்கோத்ரி' என வளாகத்துக்குப் பெயர் சூட்டியவரும் அவரே.

இவ்வட்டத்தின் குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. அந்த வகுப்பறைகள் பெரும்பாலும் ஆண்களுடையவை. அவர்களுள்ளும் உயர்சாதியினரே மிகுதி. குவெம்பு போன்றவர் விதிவிலக்காகவே உள்ளே வந்தார். பி.எம்.ஸ்ரீயின் சகோதரர் மகளான திரிவேணி உளவியல் படித்து, பெண் மனத்தின் நெருக்கடிகளைக் கன்னடப் புதினத்துக்குக் கொண்டுவர இன்னும் ஒரு தலைமுறை கடக்க வேண்டியிருந்தது. தலித் மாணவர்கள் தம் குரலில் எழுதத் தொடங்கியது அதற்கும் பின்னர்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. நவோதயக் கன்னடத்தின் முன்னணிப் பெயர்களான மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், பு.தி. நரசிம்மாச்சார், டி.பி. கைலாசம் ஆகியோர் வீட்டில் தமிழ் வழங்கிய குடும்பத்தினர். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, கல்லூரியில் ஒரு மொழி என்ற வாழ்வே அங்குப் பலர்க்கு இயல்பு. அதே நகரில், அதே மகாராஜா கல்லூரியில் படித்து ஆங்கிலத்தில் முதுகலை பெற்றவர் ஏ.கே. ராமானுஜன். குறுந்தொகைப் பாடல்களைத் தேர்ந்து 1967இல் ஆங்கிலத்துக்கும், வசனங்களை 1973இல் ஆங்கிலத்துக்கும் கொண்டு சென்ற அவர், கன்னடத்தில் கவிதையும் எழுதினார். பி.எம்.ஸ்ரீ கொண்டுவந்த வழியிலேயே எதிர்த்திசையில் நடந்தவர் என்று அவரைச் சொல்லலாம். அவரை ஒரு தனிமேதையாக மட்டும் கொண்டாடும் நாம், மும்மொழியையும் ஒருங்கே மதித்த அந்த நகரத்தை மறந்துவிடுகிறோம்.

1950களிலும் இத்தொடர்ச்சி அறுபடவில்லை. ஆங்கிலப் பேராசிரியர் சி.டி. நரசிம்மையா 1952இல் 'லிட்டரரி கிரிட்டீரியன்' இதழைத் தொடங்கினார். அவருடைய மாணவர் யு.ஆர். அனந்தமூர்த்தி ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே கன்னடத்தில் 'சம்ஸ்கார' (1965) எழுதினார். அதை ஆங்கிலமாக்கியவர் ராமானுஜன். கோபாலகிருஷ்ண அடிக மைசூரில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஆண்டுகளில்தான் நவ்யக் கவிதையை வளர்த்தெடுத்தார். நவோதயத்தை மறுத்து எழுந்த நவ்யமும் ஆங்கில ஆசிரியர்களிடமிருந்தே வந்தது என்பது கவனத்துக்குரியது. மரபை மீறுவதற்கும் அந்த வகுப்பறை இடம் தந்தது.

கன்னட உலகம் பி.எம்.ஸ்ரீயைக் 'கன்னடத்தின் கண்வர்' என்று போற்றுகிறது. சகுந்தலையைப் பெறாமல் வளர்த்தவர் கண்வர். தம் துறைக்கு உரியதல்லாத ஒரு மொழியின் இலக்கியத்தை, துறைக்குள்ளிருந்தே வளர்த்த ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

இன்றைய நம் வளாகங்களை நினைத்தே இதை எழுதுகிறேன். ஆங்கிலத் துறையும் தாய்மொழித் துறையும் ஒரே தாழ்வாரத்தின் இரு முனைகளில் இருந்தும், ஒன்றின் கருத்தரங்குக்கு மற்றொன்றிலிருந்து ஒருவர் வருவது அரிது. மாணவர் ஒருவர் கவிதை எழுதுவார், ஆசிரியருக்குத் தெரியாது. ஆசிரியர் ஒருவர் மொழிபெயர்ப்பார், மாணவர்க்குத் தெரியாது. ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. நண்பர்கள் முன் வாசித்த மொழிபெயர்ப்புக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மைசூரில் நிகழ்ந்ததற்குப் பெருநிதி தேவைப்படவில்லை, தனித்துறையும் தேவைப்படவில்லை. தாம் கற்பித்த பாடலைத் தம் மாணவரின் மொழியில் எழுதிப் பார்க்க ஓர் ஆசிரியர் முன்வந்தார். அதைக் கேட்ட மாணவர்கள் தாமும் எழுதிப் பார்த்தார்கள்.

பயிற்றும் ஆசிரியர்களுக்கும் பயிலும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்பருவத்தில் நீங்கள் நடத்தும் அல்லது படிக்கும் பாடங்களுள் ஒரே ஒரு கவிதையை, வகுப்பின் மற்றொரு மொழிக்குக் கொண்டுவந்து பாருங்கள். அரைகுறையாக இருந்தாலும் அதை வகுப்பிலேயே படித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் தடுமாறினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் மற்றவர் எழுதத் தொடங்குவார்.